பதினொன்று ஐம்பதுக்குக் கத்திய பஞ்சவர்ணக் கிளி

இதைக் கேட்டுவிட்டு "நல்லா ரீல் விடறியே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. 1974, பங்குனி மாதம், கும்மிடிப்பூண்டியில். நடு ராத்திரியிலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் நடந்தது. நடந்த இடத்தைக் காட்டு என்றால் இன்றைக்கும் கூட்டிப்போய்க் காட்டுவேன். நான் உள்ளே வரமாட்டேன், அவ்வளவுதான்.

இது ராஜமாணிக்கத்தின் கதை. என்னோடு ஒரே கம்பெனியில், பக்கத்து பவர் பிரஸ்ஸில் நின்றவன். பொய் சொல்ல வராது அவனுக்கு. லீவு கேட்கும்போதுகூட உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வான்.

பவர் பிரஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகரத்தை உள்ளே வைத்து மிதியை மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கும். அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கண் ஒரு நொடி அசந்தால் கை போச்சு. எங்கள் ஜெயராஜ் அப்படித்தான் ரெண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஷிப்டு. பகலில் தூங்கினால்தான் ராத்திரி கை மிஞ்சும். ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பகல் தூக்கத்தில்தான் கண்டம் வந்தது.

தை மாதம் ஒரு வீட்டுக்குக் குடி போனான். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. முன்கட்டில் வீட்டுக்காரன் துளசிராமன். பின்கட்டில் இவன். துளசிராமனுக்கு முப்பத்தைந்து வயசு, கலியாணம் ஆகவில்லை, பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். மெதுவாகப் பேசுவான். யாரையும் நேராகப் பார்க்கமாட்டான். ராஜமாணிக்கத்தின் பெண்டாட்டி கன்னியம்மா மசக்கையில் தாய் வீடு போயிருந்ததால் இருட்டின பிறகு தனியாகத்தான் சாமான் இறக்கினான்.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்து வந்து, இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தான். மணி 7.40.

"க்ராஆஆக்!"

ராஜமாணிக்கம் பாயை விட்டுத் துள்ளி எழுந்தான். தகரத்தை ரம்பம் வைத்து அறுத்தால் வருமே, அந்தச் சத்தம். பல் கூசியது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், முன்கட்டு வராந்தாவில் ஆள் உயரக் கூண்டு. உள்ளே ஒரு பஞ்சவர்ணக் கிளி. நீல முதுகு, மஞ்சள் வயிறு, முழ நீளத்துக்கு வால், கொக்கி மாதிரி கறுத்த அலகு. ஒரு கொட்டைப்பாக்கை அலகில் வைத்துப் படக்கென்று உடைத்தது. இவனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மறுபடி கத்தியது.

"எங்க நைனா கப்பல்ல சமையல்காரரு," என்றான் துளசிராமன். "எந்தத் தேசத்துலயோ புடிச்சாந்தாரு. கத்தும். போவப் போவ பழகிடும் மாணிக்கம்."

பழகவில்லை. அழகுக்காக இதை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு வாரம் பக்கத்தில் குடியிருந்து பார்க்க வேண்டும். காலை 7.40க்கு ஒரு பத்து நிமிஷம். பகல் 11.50க்கு ஒரு பத்து நிமிஷம். சாயங்காலம் 6.10க்கு அரை மணி. கடிகாரம் தோற்றுப்போகும். இவன் காதில் பஞ்சை அடைத்தான். தலையணையைத் தலைமேல் கட்டினான். கிளியா அது, சனியன்!

வெறும் கத்தல் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். அது பேசியது.

"நைனா... வாணாம் நைனா... வுட்ரு நைனா..."

முதல் தடவை கேட்டபோது இவன் எழுந்து வராந்தாவுக்கே ஓடினான். யாரோ அடி தாங்காமல் கெஞ்சுகிற குரல். நடுவில் மூச்சு முட்டி ஒரு இருமல் வேறு.

"இன்னா துளசிண்ணே இது? இப்டி அலறுது?"

துளசிராமன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் கத்துனது. எங்க நைனா அட்ச்ச அடி அப்டி. அத்த அப்டியே புட்ச்சிக்கிச்சு."

"ஐயோ பாவம். இப்ப எங்க அவரு?"

"ரெண்டு வருசம் முந்தி காசிக்குப் போறேன்னு கெளம்பிப் போனாரு. வரவேயில்ல."

எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. சின்ன வயசில் அப்பனிடம் சாகிற மாதிரி அடி வாங்கிய பிள்ளை என்று தெருவே துளசிராமனைப் பார்த்து உச்சுக் கொட்டியது. எதிர்வீட்டு விக்டோரியா ஞாயிறுதோறும் அவனுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள். நானே ஒருமுறை அவன் தோளில் தட்டிக்கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கையைக் கழுவத் தோன்றுகிறது.

மாசி மாதத்தில் ராஜமாணிக்கம் சில விஷயங்களைக் கவனித்தான். தூக்கம் இல்லாதவனுக்குக் காது கூர்மையாகிவிடும்.

அந்த இருமல் சின்னப் பையன் இருமல் இல்லை. நெஞ்சுச் சளி கட்டிய, பீடி குடித்த இருமல்.

கெஞ்சல் முடிந்ததும் கிளி இன்னொரு சத்தம் போடும். "கிரீச்... கிரீச்... கிரீச்..." எண்ணெய் போடாத கிணற்று ராட்டினம் சுற்றுகிற மாதிரி. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு, "தொப்."

அந்த வீட்டில் ராட்டினமே கிடையாது.

கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அதன்மேல் பனம்பலகை போட்டு, பலகைமேல் கல் ஏற்றியிருந்தது. "உப்புத் தண்ணி, வாய்ல வைக்க முடியாது," என்றான் துளசிராமன். கும்மிடிப்பூண்டியில் பாதிக் கிணறு உப்புதான். அதனால் இவனும் மேலே கேட்கவில்லை. ஆனால் கிணற்று மேடைத் தூண்களில் ராட்டினம் கழற்றிய ஆணிகள் துருப்பிடித்து நின்றன.

மாசிக் கடைசியில் ஒரு ஷிப்டில் மணி 4.20க்கு ராஜமாணிக்கத்தின் கண் சொக்கியது. நான் பார்த்தேன். கை உள்ளே, கால் மிதியில். "டேய்!" என்று கத்திக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரும்பு இறங்கியது. அவன் சட்டைக் கைப்பட்டையை மட்டும் கடித்துக்கொண்டு மேலே போனது. அவன் உட்கார்ந்து அழுதான்.

அன்றைக்கே துளசிராமனின் காலில் விழாத குறையாகக் கேட்டான். "துளசிண்ணே, பேஜாரா கீது. அத்த கடைக்கு எத்துனு போயிடு. இல்ல யாருக்காவது குட்துடு."

"வெளிய எங்கயும் அனுப்ப மாட்டேன்," என்றான் துளசிராமன். குரல் அன்றைக்குத்தான் முதல் முறையாக உயர்ந்தது.

பங்குனி முதல் வாரத்தில் கன்னியம்மா வந்துசேர்ந்தாள். ஐந்து மாதம். ஏற்கெனவே ரெண்டு தங்காமல் போனது. இது மூன்றாவது. ராஜமாணிக்கம் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடமாட்டான். அவளுக்குப் பள்ளிப்பட்டு. துளசிராமனின் அப்பா தணிகாசலமும் பள்ளிப்பட்டுப் பக்கம்தான் என்று தெரிந்ததும், "அட, நம்மூர்க்காரரு" என்று சந்தோஷப்பட்டாள்.

வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை. மணி 6.10. கொல்லையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்கட்டில் கிளி ஆரம்பித்தது.

"நைனா... வாணாம் நைனா... வுட்ரு நைனா..."

கன்னியம்மாவின் கை நின்றது. "மாமா, இது இன்னா சொல்லுது?"

"துளசிண்ணன் சின்ன வயசுல அடி வாங்கி அழுதது. அவங்கப்பன் அப்டியாம்."

"இல்ல மாமா." அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "எங்கூருல தெலுங்கு பேசற ஊட்லல்லாம் அப்பன்தான் புள்ளய நைனாம்பான். 'துன்னு நைனா, தூங்கு நைனா'ன்னு. எங்கப்பா இன்னிக்கும் எங்கண்ணன அப்டித்தான் கூப்புடுது. இது புள்ள கத்தறது இல்ல மாமா. கெழவன் கத்தறது. புள்ளகிட்ட கெஞ்சறான்."

"சும்மா கெட," என்றான் ராஜமாணிக்கம்.

பின்னால் ஒரு சைக்கிள் மணி, 'டிங்' என்றது. தெரியாமல் கை பட்ட மாதிரி.

துளசிராமன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாக நேராகப் பார்த்தான். இவனை இல்லை. கன்னியம்மாவை.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்கட்டுக்குப் போனான்.

மணி 6.25. கிளி ஒருமுறை வீறிட்டது. சிறகு அடிக்கிற சத்தம், கூண்டுக் கம்பிகள் அதிர்கிற சத்தம். எலும்பு முறிகிற சின்னச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

துளசிராமன் வராந்தாவிலிருந்து வந்தான். ரெண்டு கையிலும் ரத்தம். கட்டைவிரலை அது கிழித்திருந்தது. கிளியை ராஜமாணிக்கத்தின் காலடியில் போட்டான். நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. கழுத்து ஒரு சுற்று சுற்றி முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

"உனக்காவத்தான் மாணிக்கம்," என்றான். "இனிமே நிம்மதியா தூங்கு."

ராஜமாணிக்கம்தான் முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தான். முழங்கை ஆழம் வெட்டி, மேலே கல்லையும் வைத்தான். நாய் தோண்டக் கூடாதே என்று.

கன்னியம்மா அன்றைக்கு ராத்திரி அவன் வேலைக்குக் கிளம்புகிறவரை கையை விடவில்லை. "வேணாம் மாமா. வேற ஊடு பாரு. அந்தாளு பார்வையே சரியில்ல."

"ஞாயித்துக்கெழம பாக்கலாம். நீ போயி விக்டோரியாக்கா ஊட்ல படுத்துக்கோ."

அவளைத் திட்டவில்லை. நம்பவும் இல்லை. அவன் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நாளைக்குத் தூங்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனே என்னிடம் சொன்னதுதான் இது. கிளி செத்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

வியாழக்கிழமை ஏழு மணி நேரம் தூங்கினான். மூணு மாசத்தில் முதல் முறை.

வெள்ளிக்கிழமை தூக்கத்தில் ஏதோ உறைக்க விழித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். 11.50.

யாரோ இருமினார்கள்.

நெஞ்சுச் சளி இருமல். முன்கட்டிலிருந்து.

எட்டிப் பார்த்தான். துளசிராமன் கடையில் இருந்தான். கூண்டுக் கதவு திறந்துகிடந்தது. உள்ளே கிளி உட்காருகிற கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. எதிர்வீட்டு முருங்கையில் ஒரு இலை அசையவில்லை.

தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டு திரும்ப வந்து படுத்தான்.

சனிக்கிழமை. காலை 7.15க்குப் படுத்தான். காதில் பஞ்சு, பழக்க தோஷம். கன்னியம்மா சமையலை முடித்துவிட்டுக் கொல்லையில் துணி துவைக்கப் போவதாகச் சொன்னது பாதித் தூக்கத்தில் கேட்டது.

எத்தனை மணி நேரம் போனதோ...

"நைனா... வாணாம் நைனா..."

சனியன், ஆரம்பிச்சிட்டுதுடா. ராஜமாணிக்கம் புரண்டு படுத்தான்.

"வுட்ரு நைனா... வுட்ரு..."

தலையணையை எடுத்து இன்னொரு காதில் அழுத்தினான். இந்தக் கிளி சாகாதா என்று திட்டினான். திரும்பத் தூக்கம் இழுத்தது. கீழே, கீழே போனான்.

"எழுந்திரு நைனா!"

இது புதுசு.

கிளி ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

"எழுந்திரு நைனா!"

பஞ்சுக்கு உள்ளே கேட்டது. காதுக்கு உள்ளே.

கிளி செத்து மூணு நாள் ஆச்சே...

"எழுந்திரு நைனா!"

எழுந்தான். மணி 11.50. கொல்லைக் கதவுக்கு ஓடினான்.

கதவு திறக்கவில்லை.

வெளியே தாழ்.

"கன்னியம்மா!"

பதில் இல்லை. தூரத்தில் ஒரு சத்தம். பலகை உராய்கிற சத்தம். கல் புரள்கிற சத்தம்.

உதைத்தான். ரெண்டாவது உதையில் கால் நகம் பெயர்ந்தது. நான்காவது உதையில் தாழ் பிய்ந்தது.

கிணறு திறந்திருந்தது.

கன்னியம்மாவின் உடம்பு பாதி மேடைமேல், பாதி கிணற்றுக்குள். வாயில் துண்டு திணித்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது. அவள் கழுத்தில் ரெண்டு கை. துளசிராமனின் முகம் சாதாரணமாக இருந்தது. சைக்கிள் டயருக்குக் காற்று அடிக்கிறவன் மாதிரி.

குழவிக்கல் இவன் கைக்குக் கிடைத்தது.

தோளில் இறக்கினான். எலும்பு உடைந்தது கேட்டது. துளசிராமன் கத்தவில்லை. திரும்பி இவன் கையைக் கடித்தான். சதை வாயோடு போனது. ராஜமாணிக்கம் மறுபடி அடித்தான். விலாவில். முகத்தில். பல் சிதறியது. இவனும் கெட்ட வார்த்தையில் கத்தினான், அழுதான், அடித்தான். ஒரு கையால் கன்னியம்மாவின் முடியைப் பிடித்துக் கிணற்றிலிருந்து இழுத்து மண்ணில் போட்டான்.

துளசிராமன் தட்டுத்தடுமாறி எழுந்து மேடையில் சாய்ந்தான். வாயெல்லாம் ரத்தம். கையில் ஒரு உடைந்த செங்கல். இவனை நோக்கி ஓங்கினான்.

அப்போது கிணற்றுக்குள் யாரோ இருமினார்கள்.

துளசிராமன் அப்படியே நின்றான்.

செங்கல் கீழே விழுந்தது.

"கிரீச்... கிரீச்... கிரீச்..."

ராட்டினம் இல்லை. கயிறு இல்லை. ரெண்டு துருப்பிடித்த ஆணி மட்டும். ராஜமாணிக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

துளசிராமன் மெல்ல, ரொம்ப மெல்ல, தலையைத் திருப்பிக் கிணற்றுக்குள் பார்த்தான்.

"நைனா?" என்றான். சின்னப் பிள்ளை மாதிரி.

யாரும் தொடவில்லை. இவன் நாலு அடி தள்ளி நின்றான். துளசிராமனின் சட்டைக் காலர் கீழ்நோக்கி இழுபட்டது. அவன் மல்லாக்கப் போனான்.

தொப்.

போலீஸ் வந்தது. தீயணைப்பு வண்டி திருவள்ளூரிலிருந்து வந்துசேர மூன்று மணி ஆயிற்று. கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான். துளசிராமன் குப்புறக் கிடந்தான். ஆனால் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து ஒரு சுற்று சுற்றியிருந்தது. விழுந்ததால் இப்படி ஆகாது என்று பிரேதத்தை அறுத்த டாக்டர் எழுதிவிட்டார். அதனால் ராஜமாணிக்கத்தைப் பதினாறு நாள் உள்ளே வைத்தார்கள். மாற்றி மாற்றிக் கேட்டு அடித்தார்கள். அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். 'நான் கழுத்தத் தொடல சார்.'

துளசிராமனுக்கு அடியில் சேற்றில் ஒரு எலும்புக்கூடு இருந்தது. கழுத்தெலும்பில் ராட்டினக் கயிறு, மூன்று முடிச்சு. தணிகாசலம் காசிக்கெல்லாம் போகவே இல்லை. பள்ளிப்பட்டிலிருந்து அவர் தம்பி வந்து அழுதபோது ஒன்று சொன்னார். பிள்ளையை அந்த மனுஷன் ஒருநாளும் கை நீட்டி அடித்தது கிடையாதாம். கடைசிவரை 'நைனா, நைனா' என்று கொஞ்சிக்கொண்டே இருந்தாராம். தெருவில் எல்லார் முகமும் செத்துப்போயிற்று. ரெண்டு வருஷம் ஒரு கிழவனின் சாவைத் தினம் மூன்று வேளை கேட்டுக்கொண்டே, கொன்றவனுக்கு மீன் குழம்பு கொடுத்திருக்கிறார்கள். கிளியை அவன் ஏன் அத்தனை நாள் விட்டு வைத்தான் என்று நான் யோசித்திருக்கிறேன். எல்லாரும் பாவப்பட்டார்களே, அது அவனுக்குப் பிடித்திருந்திருக்கும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ராஜமாணிக்கத்தை வெளியே கொண்டுவந்தது விக்டோரியாவின் வாக்குமூலம். எதிர்வீட்டு வாசலில் பதினொன்றரையிலிருந்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாளாம். கதவை உதைத்த சத்தம் கேட்டுத்தான் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடிவந்தாள். அவன் கிணற்றை விட்டுத் தள்ளி நின்றதையும், துளசிராமன் தானாகப் பின்னால் சாய்ந்ததையும் கண்ணால் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கேட்டார், அதற்கு முன்னால் 'எழுந்திரு' என்று யாராவது கத்தினார்களா என்று.

"இல்ல சார். தெருவே கம்முனு கீது. எழுந்திருன்னு கத்துனா எனக்குக் கேக்காதா? எதுத்தாப்லதான குந்திகினு இருந்தேன்."

ராஜமாணிக்கம் அதை நம்பவில்லை. காது கிழிகிற மாதிரி கேட்டதே! கன்னியம்மாதான் எப்படியோ கத்தியிருக்கிறாள், உயிர் போகிற பயத்தில் குரல் மாறியிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டான். அவளிடம் கேட்கவும் முடியவில்லை. தொண்டை நசுங்கி, ரெண்டு மாசம் அவளுக்குப் பேச்சே வரவில்லை. வயிற்றுப் பிள்ளை மட்டும் தங்கியது. திருவள்ளூர்ப் பக்கம் மணவாள நகரில் வேறு வீடு பார்த்து, எனக்குத் தெரிந்த ஃபோர்மேனைப் பிடித்து, அங்கே ஒரு கம்பெனியில் அவனுக்குப் பகல் ஷிப்டு வாங்கிக் கொடுத்தேன்.

வைகாசியில் ஒருநாள் சாயங்காலம் நான் அங்கே போயிருந்தேன். அன்றைக்குத்தான் அவளுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. ராஜமாணிக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இருப்பதையும் மறந்து, "அன்னிக்கி மட்டும் நீ கத்தலன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன் கன்னிமா. உன்ன பறிகுட்து இருப்பேன்," என்றான்.

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். நசுங்கிய குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நான் எங்க மாமா கத்துனேன்? கொல்லையில காலு வெச்சவொடனே வாயில துண்ட அட்ச்சிட்டான். எனக்கு மூச்சே வர்ல."